ஃபோம் கிரில்லுக்கு ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம், ப்ளீஸ்

"அண்ணே, ரெண்டு ட்வீட்டரும் போயிடுச்சு, மாத்திக் கொடுங்க" என்று போன வாரமும் ஒருவர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ட்வீட்டர் என்றால் ஸ்பீக்கர் பெட்டிக்குள் கீச்சென்ற மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர். முன்பக்கத்தை மூடும் பஞ்சு மாதிரியான ஃபோம் கிரில் புதுக் கறுப்பில் பளபளத்தது. தொட்டால் காய்ந்த ரொட்டி மாதிரி மொரமொரப்பு. கிரில்லைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன். ஜால்ரா கணீரென்று கேட்டது. ட்வீட்டருக்கு ஒரு குறையும் இல்லை. வெளுத்துப்போன கிரில்லுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே அடித்திருக்கிறார், அவ்வளவுதான். இதே கதையை இன்னும் எத்தனை தடவை பார்ப்பது!

சொன்னால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஓட்டை தெரியுதே, லைட்ல பிடிச்சா வெளிச்சம் வருதே." வெளிச்சம் வந்தால் போதாது. ஃபோம் தயாராகும்போது அதன் சின்னச் சின்ன அறைகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு இருக்கும். ஸ்பீக்கர் கிரில்லுக்கான ஃபோமில் அந்தச் சவ்வுகளைத் தொழிற்சாலையிலேயே வாயு நிரப்பிப் பற்றவைத்தோ, காரக் கரைசலில் முக்கியோ நீக்கிவிட்டு வெறும் எலும்புக்கூட்டை மட்டும் விட்டுவைப்பார்கள். காற்று தடையில்லாமல் போய்வரத்தான் இவ்வளவு பாடு. நீங்கள் அடிக்கும் பெயின்ட் துளைக்குக் குறுக்கே படலமாக நின்று காய்கிறது. அவர்கள் எடுத்த சவ்வை நீங்கள் திரும்ப ஒட்டுகிறீர்கள்! பத்துத் துளையில் நாலு அடைத்தாலும் மீதி ஆறில் வெளிச்சம் வரத்தான் செய்யும். பேஸும் பெரிதாகக் குறையாது, அதனால் சந்தேகமே வராது. அடிபடுவது மேலே உள்ள ஒலிகள்தான்: ஜால்ரா, மோர்சிங், பாடுகிறவரின் 'ஸ', 'ஷ'. கடைசியில் பழி ட்வீட்டர் மேல்.

கிரில்லைக் கழற்றாமலே அடிக்கிறவர்களை என்ன சொல்ல? பெயின்ட் ஃபோமைத் தாண்டி ட்வீட்டர் டோமில், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய குமிழில், படிகிறது. அந்த டோமும் அதை அசைக்கும் காயிலும் (கம்பிச்சுருள்) சேர்ந்து பெரும்பாலும் அரை கிராமுக்குள்தான். அதன் மேல் ஒரு கோட்டிங் ஏறினால் ட்வீட்டரை நிஜமாகவே மாற்ற வேண்டியதுதான். காருக்கு அடிக்கும், இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பெயின்டை வீட்டுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

அடுத்து, ஃபோமின் வயதைப் பாருங்கள். ஓரத்தை விரலால் அழுத்துங்கள். எழும்பி வந்தால் உயிர் இருக்கிறது. பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ எந்தச் சாயமும் காப்பாற்றாது. இந்த ஃபோம் செய்யப்படும் பாலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதையும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். 1970-இல் வந்த ஜேபிஎல் எல்100 என்ற பழைய ஸ்பீக்கரின் கட்டம் கட்டமான ஆரஞ்சு கிரில்லை ஆசையாக வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த வயதுக்கு மாற்றுக் கிரில் வாங்குவதே நல்லது. வெறும் தட்டை கிரில் என்றால் மீன் தொட்டி ஃபில்டருக்கு விற்கும் பெரிய துளை ஃபோமை வெட்டிப் போடலாம். சோபா ஃபோம் ஆகாது.

நிறம் ஏற்றியே ஆக வேண்டுமா? சரி. முதலில் சட்டத்திலிருந்து ஃபோமைப் பிரித்தெடுங்கள். சட்டம் எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த) பலகை என்றால் தண்ணீரில் ஊதிவிடும். மென்மையான சோப்பு நீரில் அலசுங்கள், முறுக்காமல் அமுக்கிப் பிழியுங்கள். நைலானுக்கு ஏற்ற துணிச் சாயத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பின்பக்க மூலையில் சோதித்துவிட்டு முழுதாக முக்குங்கள். சாயத் தண்ணீர் நிற்கும்வரை அலசிவிட்டு நிழலில் காய வையுங்கள், வெயில் ஃபோமுக்கு எமன். காய்ந்ததும் ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து மறுபக்கம் வாயால் ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாகக் கையில் பட வேண்டும். அப்புறம் தெரிந்த பாட்டு ஒன்றைக் கிரில்லோடும் இல்லாமலும் கேளுங்கள்.

ஏற்கெனவே பெயின்ட் அடித்துவிட்டவர்கள் தயவுசெய்து தின்னர் ஊற்றிக் கழுவாதீர்கள், பெயின்ட் போகுமுன் ஃபோம் ஊதிக் குலைந்துவிடும். புது ஃபோம் கிடைக்கும்வரை கிரில் இல்லாமலே கேட்கலாம், ஒலிக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மட்டும் ஸ்பீக்கரைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். டோமைக் கண்டால் விரலால் அமுக்காத குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.