மென்மைக்கு ஒரு எண் கேட்டு வருகிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் ஏ.எஃப்.எம். (அணுவிசை நுண்ணோக்கி) என்றால் துரு, முலாம், பேட்டரி மின்முனை என்றுதான் பேச்சு வரும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது. வேறெப்படிப் பேச்சு வரும்? ஆனால் எங்கள் அறைக்கு வரும் சாம்பிள்கள் கொஞ்ச காலமாகவே மாறிவிட்டன. புண்ணுக்குப் போடும் ஜெல் வருகிறது, கவுனி அரிசி மாவுச்சத்தில் செய்த படலம் வருகிறது, பெட்ரி டிஷ்ஷில் வளர்த்த உயிருள்ள செல்களும் வருகின்றன. கொண்டுவரும் பிள்ளைகள் கேட்பது மட்டும் மாறவில்லை. "சார், ஒரு இமேஜ் எடுத்துக் குடுங்க. அப்படியே யங்ஸ் மாடுலஸும் போட்டுக் குடுத்துருங்க."

இமேஜ் சரி. இரண்டாவதாகக் கேட்டதில்தான் வில்லங்கம். யங்ஸ் மாடுலஸ் என்பது ஒரு பொருள் எவ்வளவு விறைப்பு என்று பாஸ்கல் கணக்கில் சொல்லும் எண்; எண் குறைந்தால் மென்மை.

அணுவிசை நுண்ணோக்கி கண்ணால் பார்க்கும் கருவியல்ல, தொட்டுப் பார்க்கும் கருவி. 1986-ல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அறிவித்தது. கான்டிலீவர் என்ற நுண்ணிய பட்டை, நீளம் நூறு இருநூறு மைக்ரான் இருக்கும். அதன் நுனியில் ஒரு கூர்முனை. பட்டையின் முதுகில் லேசர் பட்டுத் திரும்புகிறது. முனை எதையாவது தொட்டால் பட்டை வளையும், லேசர்ப் புள்ளி நகரும், அதை டிடெக்டர் பதிவு செய்யும். இதற்கு மின்சாரம் கடத்தும் பரப்பு வேண்டாம், வெற்றிடம் வேண்டாம். சாம்பிளைக் காயவைக்க வேண்டியதும் இல்லை. நீருக்குள்ளேயே, 37 டிகிரியில், செல் உயிரோடு இருக்கும்போதே தொடலாம். சாதாரண எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இது நடக்காது.

மென்மையை அளக்க முனையை மெல்ல இறக்கி அழுத்தி எடுக்கிறோம். எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமுங்கியது என்று ஒரு வளைகோடு வரும். அதற்குள் ஹெர்ட்ஸ் 1880-களில் எழுதிய தொடுகைச் சமன்பாட்டைப் பொருத்தினால் கிலோபாஸ்கலில் ஓர் எண் விழும். மென்பொருளில் ஒரு பொத்தான்தான். குப்பை வளைகோட்டைக் கொடுத்தாலும் அது ஓர் எண்ணைத் துப்பிவிடும்.

முதலில் முனை. உலோகப் பரப்பைப் பார்க்கப் பயன்படுத்தும் சிலிக்கான் கான்டிலீவரின் விறைப்பு மீட்டருக்கு 40 நியூட்டன் அளவில் இருக்கும். அதைச் செல் மேல் இறக்கினால் செல் குத்துப்பட்டுப் போகும், பட்டையோ வளையவே வளையாது. செல்லுக்கு வேண்டியது 0.01-லிருந்து 0.1 வரையிலான பட்டை. அந்த எண்ணையும் பெட்டியில் அச்சடித்திருக்கிறார்களே என்று நம்பிவிடக் கூடாது. விறைப்பு பட்டையின் தடிமனை மும்மடி கணக்கில் பின்தொடர்கிறது. தடிமன் கால் பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஒவ்வொரு பட்டையையும் வெப்ப அதிர்வை வைத்து நாமே அளந்துகொள்கிறோம். அதற்கு முன்னால் கண்ணாடி மேல் அழுத்தி, லேசர் நகர்வு எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை நானோமீட்டர் என்றும் பார்க்க வேண்டும். அதில் தப்பினால் பின்னால் வருவது அத்தனையும் தப்பு.

கூர்முனையா, உருண்டை முனையா என்பது அடுத்த கேள்வி. கூர்முனையின் ஆரம் பத்து நானோமீட்டர் அளவுதான். அது செல்லுக்குள் இருக்கும் இழை ஒன்றைத் தொட்டால் ஓர் எண், இழைக்குப் பக்கத்தில் தொட்டால் வேறோர் எண். ஐந்து மைக்ரான் உருண்டையை ஒட்டிய பட்டை என்றால் பரந்த இடத்தின் சராசரி கிடைக்கும். ஒரே செல்லிலேயே கூர்முனை பெரும்பாலும் கூடுதலான எண்ணைத் தரும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஒருவர் கூர்முனையில் எடுத்ததையும் இன்னொருவர் உருண்டையில் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துப் போட்டு "எங்கள் செல் மென்மையானது" என்று எழுதினால், அது ஒப்பீடே இல்லை.

அதிகம் பேர் வழுக்குவது செல்லின் அடியில் இருக்கும் கண்ணாடியில். மெல்லிசாக வார்த்த தோசையைக் கல்லில் வைத்தே விரலால் அழுத்திப் பாருங்கள், கல்தான் தெரியும். குழிப்பணியாரத்தை அழுத்தினால் பணியாரம் தெரியும். உட்கரு இருக்கும் நடுப்பகுதியில் செல் ஐந்து மைக்ரான் உயரம் இருக்கலாம், ஓரத்தில் ஒரு மைக்ரான்கூடத் தேறாது. கண்ணாடி செல்லைவிட ஏழு கோடி மடங்கு விறைப்பு (70 கிகாபாஸ்கல் எங்கே, ஒரு கிலோபாஸ்கல் எங்கே). தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அமுக்காதே என்பது பழைய வழக்கம். ஐந்து மைக்ரானுக்கு ஐந்நூறு நானோமீட்டர். உருண்டை பெரிதாக இருந்தால் அதுவும் போதாது, திருத்தக் கணக்குப் போட வேண்டும். ஓரத்தில் அழுத்தி எடுத்த எண்ணைப் பார்த்து "செல்லின் விளிம்பு விறைப்பாக இருக்கிறது" என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பதை நான் வாசித்திருக்கிறேன். விறைப்பாக இருந்தது அடியில் இருந்த கவர் ஸ்லிப் கண்ணாடி.

நேரில் பார்த்தால் இது பொறுமையைச் சோதிக்கிற வேலை. கான்டிலீவரைத் திரவத்துக்குள் இறக்கியதும் லேசர் இடம் மாறிவிடும், திரும்பப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் சூடு சமன் ஆகும்வரை கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு அளக்கக் கூடாது. வளர்ப்பு ஊடகத்தில் சீரம் இருந்தால் புரதம் முனையில் ஒட்டும். அப்போது முனையை மேலே எடுக்கும்போது வரும் கோடு, எதையும் தொடாதபோது இருக்கும் அடிக்கோட்டுக்குக் கீழே பள்ளம் போல இறங்கி, படிப்படியாக விட்டுவிட்டு மேலே வரும். செல்லும் ஒட்டும்தான். ஆனால் சுத்தமான கண்ணாடி மேலும் அதே பள்ளம் வந்தால் முனை அழுக்கு, மாற்றுங்கள். சித்திரை வெயிலில் இங்கே ஏசி காற்று காய்ந்து கிடக்கும். மூடாத டிஷ்ஷில் நீர் ஆவியாகி உப்பு ஏறும், செல் சுருங்கும், நாம் வேறொரு செல்லை அளந்துகொண்டிருப்போம். ஏசியை நிறுத்தினால் அறை சூடாகிக் கருவி நகரும். ஓடவிட்டால் கம்ப்ரஸர் அதிர்வு வளைகோட்டில் அலையாக வரும். (செட்டிநாட்டு வீட்டில் முற்றம் தாண்டி உள்ளே இருக்கும் அறை, அந்தச் சுவர்க் கனத்துக்கு, இந்தக் கருவிக்கென்றே கட்டியது போல இருக்கும். தூசிதான் ஒத்துவராது.)

அப்புறம் வேகம். செல்லும் ஜெல்லும் ரப்பர் அல்ல. வேகமாக அழுத்தினால் விறைப்பாகவும் மெதுவாக அழுத்தினால் மென்மையாகவும் காட்டும். நொடிக்கு எத்தனை மைக்ரான் என்று எழுதாத எண் பாதி எண்தான். 2018-ல் மார்பகப் புற்றுநோய்ச் செல் வரிசையான எம்.சி.எஃப்.-7-ஐப் பல ஆய்வகங்களில் பல முறைகளில் அளந்து பார்த்த வேலை ஒன்று வந்தது. ஒரே செல் வரிசை, முறைக்கு முறை ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம். கருவிகள் கெட்டுப்போகவில்லை, தொட்ட விதம் வேறு.

இதையெல்லாம் இவ்வளவு தூரம் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. புற்றுநோய்ச் செல் மென்மையானது, தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அடிப்படை பொய்யில்லை. 2007-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, நோயாளிகளின் நுரையீரலைச் சுற்றிய உறையில் சேர்ந்த நீரிலிருந்து எடுத்த செல்களைத் தொட்டு, பரவிய புற்றுநோய்ச் செல்கள் அதே நீரில் இருந்த சாதாரணச் செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மை என்று காட்டியது. அது நல்ல ஆய்வு. அதைப் பார்த்துவிட்டு "அண்ணே, எங்க மாமாவுக்கு ரத்தம் எடுத்துக் குடுத்தா பார்த்துச் சொல்வீங்களா?" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. மாட்டோம். ஓர் ஆய்வகத்துக்கும் அடுத்த ஆய்வகத்துக்கும் எண் ஒத்துப்போகாத நிலையில் அதை வைத்து நோய் சொல்லக் கூடாது. மருத்துவர் சொன்ன பயாப்ஸியைத் தள்ளிப்போடாமல் எடுங்கள்.

சாம்பிள் கொண்டுவருகிறவர்களுக்கு: செல்லை ஃபார்மலினில் பதப்படுத்தி எடுத்து வராதீர்கள். அது புரதங்களைக் குறுக்கே கட்டிப்போடும், வருவது பதப்படுத்தியதன் விறைப்பு. படத்துக்கு அது ஆகும், மென்மைக்கு ஆகாது. உயிருள்ள செல்லைத் தேவகோட்டையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவதைவிட, இங்கே பக்கத்தில் இன்குபேட்டர் இருக்கிற இடத்தில் முதல் நாளே ஒட்டவிட்டு எடுத்து வருவது நல்லது. ஜெல் என்றால் எந்த உப்புக் கரைசலில் ஊறியதோ அதே கரைசலில், காற்றிடம் இல்லாமல் டப்பா நிறைய ஊற்றி மூடுங்கள். காய்ந்த ஜெல்லைத் திரும்ப ஊறவைத்தால் பழைய ஜெல் வராது. ஊறிய நிலையில் தடிமன் எவ்வளவு என்று அளந்து எழுதிவாருங்கள். போகும்போது எண்ணோடு மூல வளைகோட்டுக் கோப்புகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முனையின் வடிவம், பட்டையின் விறைப்பு, அமுக்கிய ஆழம், வேகம், வெப்பநிலை எல்லாம் அறிக்கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் எங்களிடமே கேளுங்கள், எழுதித் தருவது எங்கள் வேலை.