வீடு உங்களுடையது, மனை யாருடையது?

"அண்ணா, விலையைத் தப்பாப் போட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன். வேற யாரும் பார்க்கறதுக்குள்ள ஆஃபர் குடுத்துடலாமா?"

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை வந்த போன். பேசியவர் இர்வைனில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி. மனைவியோடு மாடர்னிசம் வீக் என்ற கட்டடக்கலை விழாவைப் பார்க்க, தென் கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸ் போயிருக்கிறார். பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் இருந்து இறங்கியதும் ஆசை வந்துவிட்டது. இரண்டு படுக்கையறை காண்டோ, நீச்சல் குளம், ஜன்னலைத் திறந்தால் சான் ஹசின்டோ மலை. பக்கத்து வளாகத்தில் இதே அளவு வீட்டுக்குச் சொல்லும் விலையைவிடக் கால் பங்கு குறைவு.

"லிஸ்டிங்ல கடைசி வரைக்கும் போய்ப் பாருங்க. லீஸ் லேண்ட்னு எங்கயாவது போட்டிருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஆமாண்ணா, போட்டிருக்கு. அப்படின்னா?"

தென் கலிஃபோர்னியாவில் வீடு வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன். நம் ஆட்களிடம் இருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: வீடு உங்களுடையது, அது நிற்கும் மண் உங்களுடையது இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் யாருக்கும் மனசில் நிற்பதில்லை. ஏன் அப்படி என்று சொல்ல 1876-க்குப் போக வேண்டியிருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸில் இருந்து கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் மலைக் கணவாய், காற்றாலைகள், அதைத் தாண்டியதும் பாலைவனம். அந்தப் பாலைவனத்தில் மலையடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று. அதைச் சுற்றிப் பல நூறு தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கவீயா பழங்குடியினர். அவர்கள் மொழியில் அந்த ஊற்றின் பெயருக்குக் கொதிக்கும் தண்ணீரின் ஓசை என்று பொருள். பின்னால் வந்த ஸ்பானியர்கள் அகுவா கலியன்டே என்றார்கள். நேராக மொழிபெயர்த்தால் வெந்நீர். இன்று அங்கே இருக்கும் கவீயாப் பிரிவின் அதிகாரப்பூர்வப் பெயரே அதில்தான் தொடங்குகிறது.

ரயில் பாதை போட வந்த கம்பெனிக்கு ஊக்கமாக அரசு நிலம் கொடுத்தது. பாதையின் இருபுறமும் நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒற்றைப்படை எண் கட்டங்களை ரயில்காரர்களுக்கு எழுதி வைத்தார்கள். 1876-இலும் 1877-இலும் வந்த ஜனாதிபதி ஆணைகளால் இரட்டைப்படைக் கட்டங்கள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. ஊர் வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி ஆனது. ரயில்காரர்களின் கட்டங்கள் கைமாறிக் கைமாறித் தனியார் மனைகள் ஆயின. பழங்குடியினரின் கட்டங்களை அமெரிக்க அரசு அவர்கள் பெயரில் பொறுப்பாளராக நின்று வைத்திருக்கிறது. அந்தப் பலகை மீதுதான் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற உல்லாச நகரம் எழுந்தது. நடைபாதையில் ஒரு பக்கம் இருப்பது சொந்த மனை, தெருவைத் தாண்டினால் குத்தகை மனை. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டிலும் அதே வெள்ளைச் சுவர், அதே கள்ளிச்செடி.

உல்லாசத்துக்கு முன்னால் வந்தது நோய். 1884-இல் ஜான் மெக்கல்லம் என்ற வழக்கறிஞர் காசநோயால் அவதிப்பட்ட மகனை வறண்ட காற்றுக்காகச் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து அழைத்து வந்தார். அப்புறம் வெல்வுட் மர்ரி ஒரு சிறிய ஹோட்டல் வைத்தார். 1909-இல் நெல்லி காஃப்மன் டெசர்ட் இன் தொடங்கினார். அதுவும் முதலில் உடம்பு சரியில்லாதவர்கள் தங்கும் இடம்தான். பணக்காரர்கள் வர ஆரம்பித்ததும் இருமுகிறவர்களுக்கு இடமில்லாமல் போனது. பிறகு ஹாலிவுட் வந்தது. 1938-இல் நகராட்சி ஆனது. ரிச்சர்ட் நாய்ட்ரா கட்டிய காஃப்மன் வீடு 1946, ஃபிராங்க் சினாட்ராவின் வீடு 1947, மலைமேல் போகும் கம்பிவட ஊர்தி 1963. சுற்றுலாக் கையேடுகளில் இதெல்லாம் வண்ணப்படத்தோடு இருக்கும். (நெல்லி காஃப்மனுக்கும் அந்த வீட்டுக்காரர் எட்கர் காஃப்மனுக்கும் சம்பந்தமில்லை. வாடிக்கையாளர்கள் கேட்பார்கள்.)

கையேட்டில் அவ்வளவாக இல்லாதது கட்டம் 14. அந்த வெந்நீர் ஊற்று இருக்கும் கட்டம் அதுதான். கடைத்தெருவை ஒட்டி, ஊரின் நடுவில் ஒரு சதுர மைல். அங்கே ரொம்ப காலம் பழங்குடியினர் தங்கள் நிலத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடச் சட்டம் இடம் தரவில்லை. ஐந்து வருடக் குத்தகையை நம்பி யார் ஹோட்டல் கட்டுவார்கள்? அதனால் குறைந்த வாடகைக்குக் குடியிருப்புகள் வந்தன. ஹோட்டல்களில் துணி துவைத்தவர்கள், தோட்டம் பார்த்தவர்கள், வீடு கட்டிய தச்சர்கள் அங்கே குடியிருந்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர். ஊரின் மற்ற பகுதிகளில் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதும் காலம் அது.

1950-களில் அகுவா கலியன்டே பழங்குடிக் கவுன்சிலில் இருந்த ஐந்து பேரும் பெண்கள். தலைவி வயோலா ஒலிஞ்சர். நீண்ட காலக் குத்தகை வேண்டும் என்று வாஷிங்டன் வரை போய் வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1955-இல் 25 வருடக் குத்தகைக்கு வழி பிறந்தது, 1959-இல் அது 99 வருடம் ஆனது. நான் தினமும் கையாளும் காகிதங்களின் பிறப்பு அங்கேதான்.

ஆனால் நிலத்துக்கு விலை வந்ததும் கழுகுகளும் வந்தன. நிலத்தை நிர்வகிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லி, பழங்குடியினர் பலருக்கு நீதிமன்றம் காப்பாளர்களை நியமித்தது. உள்ளூர் வழக்கறிஞர்களும் நிலத் தரகர்களும் காப்பாளர் ஆனார்கள், அந்த நிலத்தின் வருமானத்தில் இருந்தே கட்டணம் எடுத்துக்கொண்டார்கள். என் தொழில்காரர்கள் அதில் இருந்தார்கள் என்பதால் இதை மழுப்பாமல் எழுதுகிறேன். ரிவர்சைடு ஊர்ப் பத்திரிகை ஒன்று இதை வெளிக்கொண்டு வந்தது. 1968-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கட்டம் 14-இல் குடியிருந்தவர்கள் கதை இதைவிடக் கொடுமை. 1960-களில் நிலத்தைக் காலி செய்கிறோம் என்று நகராட்சி வீடுகளை இடித்தது, இடித்ததைத் தீயணைப்புத் துறையே எரித்தது. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வீடே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. 1968-இல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலக அறிக்கை நகராட்சியைக் கடுமையாகக் குற்றம் சாட்டியது. 2021-இல் நகராட்சி மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

இர்வைன் தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பாதி சொன்னேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவர் அப்பா, ஊரில் இருந்து வந்திருப்பவர், குறுக்கே புகுந்தார்: "கோயில் மனைல வீடு கட்டிக் குடியிருக்கிற மாதிரியா தம்பி?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஒரு வித்தியாசம்: இங்கே மனைக்காரர் சாமி இல்லை, உயிரோடு இருக்கும் ஒரு குடும்பம். வாடகை அவர்களுக்குப் போகிறது. பழங்குடியின் நிலத்தில் தன் பங்காக ஒதுக்கப்பட்டதை வைத்திருப்பவர் என்ற பொருளில், அலாட்டி என்று காகிதத்தில் இருக்கும். நடுவில் அமெரிக்க அரசின் பழங்குடியினர் விவகாரப் பணியகம், பி.ஐ.ஏ. என்பார்கள். குத்தகையை உங்கள் பெயருக்கு மாற்ற அவர்கள் ஒப்புதல் தேவைப்பட்டால் எஸ்க்ரோ, அதாவது பணமும் பத்திரமும் கைமாறும் இடைக்காலம், சில வாரம் இழுக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பார்க்க வேண்டியது குத்தகை முடியும் வருடம். அந்தத் தம்பி பார்த்த வீட்டுக்கு அது 2056. இன்னும் 31 வருடம் இருக்கிறதே, போதாதா என்றார். அவர் வாங்க நினைத்தது 30 வருடக் கடன். கடன் முடிந்த பிறகும் குத்தகை குறைந்தது ஐந்து வருடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான வங்கிகள் கடைப்பிடிக்கும் விதி. அதாவது 35 வருடம் வேண்டும். நான்கு வருடம் குறைகிறது. அவருக்கே கடன் கிடைக்காது என்றால், பத்து வருடம் கழித்து அவரிடம் வாங்க வருகிறவருக்கு யார் கொடுப்பார்கள்? விலை குறைவாக இருந்ததன் ரகசியம் இதுதான். யாரும் தப்பாகப் போடவில்லை.

குத்தகையை நீட்டிக்கலாம், பல வளாகங்களில் நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அது பேசி முடிக்க வேண்டிய விஷயம், உங்கள் உரிமை இல்லை. நீட்டிக்காமல் முடிந்தால் மனையோடு கட்டடமும் போகும் என்றுதான் ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும்.

அடுத்தது வாடகை எப்போது, எப்படி ஏறும் என்பது. இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்திடம், "இது சங்கக் கட்டணம் மாதிரி, மாசா மாசம் கட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் குறிப்பிட்ட வருடத்துக்கு ஒருமுறை மறுநிர்ணயம் என்று இருந்ததை நான் படிக்கவில்லை. மூன்றாம் வருடம் வாடகை ஏறியது. அந்த அக்கா போனில் திட்டவில்லை, "நீங்க படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். வாடகை போக வீட்டு வரியும் உண்டு. மண் நமக்கில்லை, வரியும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

குத்தகை மனையா என்பதைக் கட்டத்தின் எண் இரட்டைப்படையா என்று வரைபடத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று சிலர் இணையத்தில் சொல்லித் தருகிறார்கள். நம்பாதீர்கள். இரட்டைப்படைக் கட்டத்திலும் இடையில் விற்கப்பட்டுச் சொந்த மனையானவை உண்டு. மனை யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் டைட்டில் ரிப்போர்ட் ஒன்றுதான் பேசும்.

விடுமுறை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கோடு வருகிறவர்கள் நகராட்சி விதியையும் பாருங்கள். ஒரு பகுதியில் 20 சதவீத வீடுகளுக்கு மேல் அனுமதி கிடையாது, புதிதாக அனுமதி வாங்குபவர் வருடத்துக்கு 26 முறைதான் வாடகைக்கு விடலாம். அப்புறம், பிப்ரவரியில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். 2024 ஜூலையில் ஒருநாள் இந்த ஊரில் வெயில் 51 டிகிரி செல்சியஸ். ஒரு தடவையாவது ஜூலையில் வந்து காரின் கதவைத் தொட்டுப் பாருங்கள்.

வந்தால் வீடுகளை மட்டும் பார்க்காமல் இந்தியன் கேன்யன்ஸ் போங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பழங்குடியினரே நடத்தும் இடம். பாம் கேன்யன் பள்ளத்தாக்கில் நம் பனை மாதிரியே விசிறி ஓலை மரங்கள், ஆயிரக்கணக்கில். நுங்கு கிடையாது, கருப்பாகச் சின்னச் சின்னப் பழம். காய்ந்த ஓலை உதிராமல் பாவாடை கட்டியது போல அடிமரத்தைச் சுற்றித் தொங்கும். கவீயாக்கள் அந்த ஓலையால் கூரை வேய்ந்தார்கள், பழத்தைச் சாப்பிட்டார்கள். பாலைவன மண்ணில் படி வெட்டி இறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறுகளும் தோண்டியவர்கள். நிலத்தடி நீரில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எனக்கு அந்தக் கிணறுகள்தான் நினைவுக்கு வந்தன. ஊற்றை ஒட்டி 2023-இல் அவர்கள் திறந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. சுரைக்குடுவைக் கிலுக்கை ஆட்டிக்கொண்டு பாடும் பறவைப் பாடல்கள் அவர்கள் மரபு. முன்னோர் இடம்பெயர்ந்த கதை, இரவு முழுக்கத் தொடர்ந்து போகும். கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தத் தம்பி 2056 வீட்டை விட்டுவிட்டார். ஏப்ரலில் மறுபடி போன்.

"அண்ணா, இன்னொண்ணு பார்த்திருக்கோம். 2098 வரைக்கும் லீஸ் இருக்கு. வாடகை எப்ப ஏறும்னு மட்டும் எங்கயும் போடல."

ஒப்பந்தத்தை முழுசாக அனுப்பச் சொன்னேன். 82 பக்கம் வந்தது. 40-ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.