கத்தெனாச்சோ: 'தாழ்ப்பாள் ஆட்டம்' என்றால் என்ன?

ஒரு கால்பந்து அணி பத்துப் பேரையும் கோலுக்கு முன்னால் நிறுத்தி, வருகிற பந்தையெல்லாம் வெளியே உதைத்துக்கொண்டிருந்தால் போதும், 'கத்தெனாச்சோ ஆடுகிறார்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். இது தப்பு. கத்தெனாச்சோ என்பது பயந்து பின்வாங்குவதற்குப் பெயர் இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைப் பிடிக்க (அதாவது விடாமல் ஒட்டிநின்று தடுக்க) வேண்டும், பந்து கிடைத்ததும் யார் ஓட வேண்டும் என்பதெல்லாம் தீர்மானமான ஓர் ஆட்ட அமைப்பின் பெயர் அது.

இத்தாலிய மொழியில் இந்தச் சொல்லுக்குக் கதவின் தாழ்ப்பாள் என்று பொருள். மூலம் லத்தீன் 'கத்தெனா', அதாவது சங்கிலி. அதை வைத்து 'சங்கிலித் தடுப்பு' என்று தமிழில் எழுதினால் பொருள் கெட்டுவிடும், ஏனென்றால் இன்றைய இத்தாலியருக்கு அது சங்கிலி அல்ல, கதவுக்குப் பின்னால் ஓடும் இரும்புக் கம்பிதான். (பழைய ஓட்டைக் காரையும், செய்தித்தாளில் தலைப்புக்குக் கீழே வரும் துணைத்தலைப்பையும்கூட இதே சொல்லால் குறிப்பார்கள்.)

சரி, கால்பந்துக்குள் தாழ்ப்பாள் எப்படி வந்தது? 1925-இல் ஆஃப்சைடு விதி, அதாவது பந்து வரும்போது எதிரணிக் கோல் பக்கம் எவ்வளவு முன்னால் நிற்கலாம் என்ற விதி, மாறியது. அதுவரை முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அது இரண்டு பேரானதும் கோல்கள் கொட்டின. லண்டனின் ஆர்சனல் அணியில் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைப் பின்னால் இழுத்து மூன்று தடுப்பாளர்களை நிறுத்தினார். ஆனால் அதில் ஒரு சிக்கல்: மூன்று பேரும் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஒருவரை ஏமாற்றித் தாண்டிவிட்டால் அடுத்தது கோல்கீப்பர்தான்.

அந்தப் பின்வாசலை அடைத்தவர் கார்ல் ராப்பன் என்ற ஆஸ்திரியர். 1930-களில் ஜெனீவாவின் செர்வெட் அணியில் பயிற்சியாளராக இருந்தபோது, தடுப்பாளர்களுக்கும் பின்னால் ஒருவரைத் தனியாக விட்டுவைத்தார். அவருக்குப் பிடிக்க ஆள் கிடையாது, எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே நகர்ந்து போய் அடைப்பதுதான் வேலை. கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதுபோல அவர் ஓடியதால் பிரெஞ்சில் இதற்கு 'வெரு', அதாவது தாழ்ப்பாள், என்று பெயர் விழுந்தது. 1938 உலகக் கோப்பையில் ராப்பனின் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரிய ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வந்த ஜெர்மனியைப் பாரிஸில் 4-2 என்று வீட்டுக்கு அனுப்பியது.

இத்தாலியில் இந்த அமைப்பு சின்ன கிளப்களின் ஆயுதமாகத்தான் முதலில் வேரூன்றியது. ட்ரியெஸ்தே நகரின் ட்ரியெஸ்தினா அணி 1946-47 பருவத்தில் லீகின் கடைசி இடத்தில் முடித்தது. நகரம் நேச நாட்டுப் படைகளின் ஆட்சியில் இருந்த நிலைமையைக் கருதித்தான் மேல்பிரிவிலேயே விட்டுவைத்தார்கள். அடுத்த பருவம் நெரேயோ ரொக்கோ பயிற்சியாளராக வந்தார், பின்னால் ஒருவரைத் தனியாக நிறுத்தினார், அதே அணி இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது! அமைப்பு ஒரு கிளப்பின் தலையெழுத்தை மாற்றும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பிடித்த சான்று இல்லை. அப்புறம் இதே ரொக்கோ 1963-இல் மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பையையும் வென்று கொடுத்தார்.

உலகம் இந்தப் பெயரைக் கற்றுக்கொண்டது பயிற்சியாளர் எலேனியோ எர்ரேராவின் இன்டர் மிலானிடம். பின்னால் தனியாக அர்மாந்தோ பிக்கி. வலப்பக்கம் தார்ச்சீசியோ புர்ஞிச் தன் ஆளைவிட்டு நகரமாட்டார். இடப்பக்கத் தடுப்பாளர் ஜாச்சிந்தோ ஃபக்கெத்தி, பந்து கிடைத்த அடுத்த நொடி எதிரணிக் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார், 1965-66 லீகில் மட்டும் 10 கோல் அடித்தார். மூன்று லீக் பட்டங்கள், 1964-லும் 1965-லும் ஐரோப்பியக் கோப்பை. தன்னைக் காப்பியடித்தவர்கள் தடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பாய்ச்சலை விட்டுவிட்டார்கள் என்று எர்ரேரா பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே அமைப்புதான் இன்டரைக் கவிழ்க்கவும் செய்தது. 1967 மே 25, லிஸ்பன். ஸ்காட்லாந்தின் செல்டிக்குக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் 7-ஆவது நிமிடமே இன்டரின் மத்சோலா பெனால்ட்டியில் கோல் போட்டார், உடனே இன்டர் தாழிட்டுக்கொண்டது. பந்தைப் பிடித்து நீளமாகத் தள்ளிவிடும் ஸ்பானிய ஆட்டக்காரர் லூயிஸ் சுவாரெஸ் அன்று களத்தில் இல்லை, அதனால் வெளியே பாயவும் வழியில்லை. செல்டிக்கின் பக்கத் தடுப்பாளர்கள் இருவரும் மாறி மாறி மேலே வந்தார்கள், பந்து இரண்டு முறை குறுக்குக் கம்பத்தில் பட்டது, இன்டரின் கோல்கீப்பர் சார்த்தி ஒற்றை ஆளாகத் தடுத்துக்கொண்டே இருந்தார். 63-ஆவது நிமிடம் செல்டிக்கின் ஜெம்மல், 84-ஆவது நிமிடம் சால்மர்ஸ், ஆட்டம் செல்டிக்குக்கு 2-1. ஒரு வாரத்தில் மாந்தோவாவில் லீகின் கடைசி ஆட்டம். அதே சார்த்தி கை தவறவிட்ட ஒரு பந்தில் 1-0 தோல்வி, பட்டம் ஒரே புள்ளியில் யுவெந்துஸுக்குப் போனது. அடுத்த ஆண்டு எர்ரேராவும் கிளம்பிவிட்டார்.

இனி தமிழ்ச் சொல். 'பூட்டு ஆட்டம்' பொருந்தாது. பூட்டை வெளியிலிருந்தும் போடலாம், சாவி வேறொருவரிடம் இருக்கலாம். உள்பக்கத் தாழ்ப்பாளை உள்ளே இருப்பவர்தான் போட முடியும், அவரே திறந்துகொண்டு வெளியே வரவும் முடியும். ஃபக்கெத்தி செய்தது அதுதான். கோட்டைக் கதவின் குறுக்குமரத்துக்குப் பழந்தமிழில் 'எழு', 'கணையமரம்' என்ற சொற்கள் உண்டு, அழகானவை, ஆனால் இன்று படிப்பவருக்குப் புரியாது. ஆகவே பெயர்ச்சொல்லாகத் 'தாழ்ப்பாள் ஆட்டம்', வினையாகத் 'தாழிட்டு ஆடுதல்' போதும். பின்னால் தனியாக நிற்பவரை இத்தாலியர் 'லிபெரோ' என்பார்கள், கட்டற்றவர் என்று பொருள். யாரையும் பிடிக்கும் பொறுப்பு இல்லாததால் வந்த பெயர். 'கட்டற்ற தடுப்பாளர்' என்று எழுதலாம்.

அப்படி ஒருவர் இல்லாமல், வெறுமனே எல்லாரும் கோல் முன்னால் திரண்டு நிற்கிற ஆட்டத்துக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். அதற்குத் 'தடுப்பாட்டம்' என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.