தொண்டைச் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள்

ஆற்றங்கரையில் பிடித்த ட்ரவுட் மீனின் படத்தை அனுப்பிவிட்டு, "இது சுத்தமான கட்த்ரோட்தானே?" என்று கேட்பவர்கள் எனக்கு வாரம் தவறாமல் கிடைக்கிறார்கள். தாடைக்குக் கீழே கத்தியால் கீறியதுபோல் ஒரு செம்மஞ்சள் கோடு. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் இந்த ட்ரவுட் வகைக்குக் கட்த்ரோட் (வெட்டுண்ட தொண்டை) என்ற பெயரே அந்தக் கோட்டால் வந்ததுதான். கோடுதான் இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?

மீன்களின் மரபணுவைப் பரிசோதிப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்ததில்லை. ஓடையில் மின்சாரம் பாய்ச்சி மீன்களை மயக்கி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, துடுப்பில் சிறு துண்டு வெட்டிக் குப்பியில் போடுவோம். அப்போது என் நோட்டில் 'சுத்தம்' (வேறு இனம் கலக்காதது), 'கலப்பு' என்று நானே பிரித்து எழுதிவைத்தேன். ஆய்வக முடிவு வந்ததும் அந்த நோட்டை யாருக்கும் காட்டாமல் மூடிவைத்துவிட்டேன். நான் 'சுத்தம்' என்று எழுதிய மீன்கள் பலவற்றில் ரெயின்போ ட்ரவுட்டின் மரபணு இருந்தது.

கட்த்ரோட்டும் ரெயின்போவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகியும், இவை கலந்து பிறக்கும் குஞ்சுகளுக்கு இனப்பெருக்கம் செய்யும் திறன் இருக்கிறது. கழுதையும் குதிரையும் சேர்ந்தால் மலட்டுக் கோவேறு கழுதை பிறக்கும் என்று பள்ளியில் படித்ததை இங்கே பொருத்திப் பார்த்தால் ஏமாந்துபோவோம். கட்த்ரோட்டின் ஒரு வகையான வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட்டுக்குக் குரோமோசோம்கள் 66, ரெயின்போவுக்கு 58 முதல் 64 வரை. எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டாலும் கலப்புக் குஞ்சு வளர்ந்து, தானும் முட்டையிடுகிறது.

அப்படியென்றால் இவ்வளவு காலம் ஏன் கலக்கவில்லை? பசிபிக் கடலோரத்தில் இரண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரே ஆற்றில் வாழ்ந்தவை. அங்கே முட்டையிடும் இடத்தாலும் காலத்தாலும் அவை பெரும்பாலும் விலகியே இருக்கின்றன. ராக்கி மலைத்தொடரின் உட்பகுதிக் கதை வேறு. அங்கிருந்த கட்த்ரோட்களில் பெரும்பாலானவை ரெயின்போவைக் கண்டதே கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து ரெயின்போ குஞ்சுகளைப் பல ஆண்டுகள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தூண்டில்காரர்களுக்கு மீன் கிடைக்கட்டுமே என்றுதான். ஆனால் அறிமுகமே இல்லாத உறவினரை விலக்கி வைக்க அந்தக் கட்த்ரோட்கள் எங்கே கற்றிருக்கும்?

முதல் தலைமுறைக் கலப்பில் மரபணு ஆளுக்குப் பாதி. அந்த மீன் மறுபடி சுத்தக் கட்த்ரோட்டுடன் சேர்ந்தால் ரெயின்போ பங்கு கால்வாசி ஆகும், அடுத்ததில் அரைக்கால். பங்கு குறையக் குறையத் தோற்றம் கட்த்ரோட்டாகவே மாறிவிடும். தாடைக் கோடு வரும், புள்ளிகள் வாலை நோக்கி நெருங்கும், நாக்குக்குப் பின்னால் சிறு பற்கள்கூட இருக்கும். பார்வைக்குப் பிழையே தெரியாது. சில தலைமுறைகளில், ஓடையின் எல்லா மீன்களிலும் கொஞ்சம் கொஞ்சம் ரெயின்போ கலந்துவிடும். அதற்குப்பின் பிரித்தெடுக்க வழியில்லை, ஏனென்றால் பிரித்தெடுக்கச் சுத்தமான மீனே அங்கே மிஞ்சியிருக்காது.

"ஒரு மீனைப் பரிசோதித்துச் சொல்லுங்களேன்" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு இனங்களையும் தெளிவாகப் பிரித்துக்காட்டும் 6 மரபணுக் குறிப்பான்களை (இனத்துக்கு இனம் வேறுபடும் டிஎன்ஏ இடங்களை) வைத்து ஒரு மீனைப் பார்த்தால், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நாம் படிப்பது 12 பிரதிகள்தான். ஓடை முழுக்க 1 சதவீதக் கலப்பு பரவியிருந்தாலும், அந்த ஒற்றை மீன் சுத்தமாகத் தெரிய ஏறக்குறைய 89 சதவீத வாய்ப்பு. அதே குறிப்பான்களை 25 மீன்களில் பார்த்தால் 300 பிரதிகள் கிடைக்கும், கலப்பு கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இன்று ஆயிரக்கணக்கான குறிப்பான்களைப் படிக்க முடிகிறது என்பதால் தனி மீனைப் பற்றியும் ஓரளவு உறுதியாகப் பேசலாம். ஆனாலும் ஓடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஒரு மீன் போதாது.

சரி, கொஞ்சம் கலந்தால்தான் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அரசாங்கமே இதில் தடுமாறியிருக்கிறது. வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட்டை அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிட வேண்டியதில்லை என்று 2003இல் அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவை முடிவெடுத்தபோது, 20 சதவீதத்துக்குக் குறைவான கலப்புள்ள மீன்களையும் கட்த்ரோட் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மான்டானாவின் பிளாட்ஹெட் ஆற்று வட்டாரத்தில் நடந்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. 20 சதவீதக் கலப்பு இருந்தாலே ஒரு மீன் பெற்று வளர்க்கும் சந்ததி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்றது அது. அந்த 20ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

திறன் குறைந்தால் கலப்பு தானே ஒழிந்துபோகும் என்று நினைக்கத் தோன்றும். அது நடப்பதில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கலப்பு மந்தையிலிருந்து புது மீன்கள் வந்துகொண்டே இருக்கின்றன, முதல் தலைமுறைக் கலப்புகளில் சில நன்றாகவே இனம் பெருக்குகின்றன. போதாததற்கு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. வசந்தகால வெள்ளம் குறைந்து, கோடையில் தண்ணீர் சூடேறிய ஆண்டுகளில், பிளாட்ஹெட்டில் ரெயின்போ மரபணு மேல்நோக்கி ஏறியிருப்பதைப் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள்.

எல்லாக் கலப்பும் இப்படிப் பரவுவதில்லை. புல் ட்ரவுட்டும், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட புரூக் ட்ரவுட்டும் சேர்ந்தால் பிறப்பவை பெரும்பாலும் மலடு. அதனால் மரபணு அவ்வளவாகக் கசியாது, ஆனால் புல் ட்ரவுட் பெண்மீனின் அந்த வருட முட்டைகள் வீண். ஏற்கெனவே சில டஜன் பெண்மீன்களே இருக்கும் ஓடையில் இது சின்ன இழப்பில்லை.

என் வேலையில் தூக்கத்தைக் கெடுப்பது அருவிகளும் கல்வெர்ட்களும்தான். மீன் ஏறமுடியாத அருவிக்கு மேலே இருக்கும் ஓடைகளில்தான் சுத்தமான கட்த்ரோட் அதிகம் மிஞ்சியிருக்கிறது. சாலைக்கடியில் உயரமாகப் பதித்த பழைய குழாய்கூடச் சில இடங்களில் தெரியாமலே அந்தக் காவலைச் செய்கிறது. அதைச் சரிசெய்து மீன் போகவர வழிவிடுவோம் என்று பொறியாளர்கள் வரும்போது, "பொறுங்கள், முதலில் மேலும் கீழும் மாதிரி எடுக்கிறேன்" என்று கெஞ்சுவேன். திறந்தால் கலப்பு ஏறும். திறக்காவிட்டால் மேலே இருக்கும் சிறு கூட்டம் தனக்குள்ளேயே கூடிக்கூடி நலியும், ஒரு காட்டுத்தீயோ வறட்சியோ வந்தால் மொத்தமும் போய்விடும். இதற்கு எல்லா ஓடைக்கும் பொருந்தும் ஒரே பதில் என்னிடம் கிடையாது.

மரபணு நம் பெருமையையும் குலைக்கும் என்பதற்குக் கொலராடோவின் கிரீன்பேக் கட்த்ரோட் உதாரணம். அழிந்துவிட்டது என்று 1937இல் கருதி, பிறகு சில ஓடைகளில் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து, பல ஆண்டுகள் வளர்த்துப் பரப்பினார்கள். அருங்காட்சியகங்களில் சாராயத்தில் ஊறிய 19ஆம் நூற்றாண்டு மீன்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தபோதுதான், பரப்பியதில் பெரும்பகுதி வேறு வகை என்பது தெரிந்தது. உண்மையான கிரீன்பேக் பேர் கிரீக் என்ற ஒரே ஒரு சிற்றோடையில் மட்டும் இருந்தது. அதுவும் அதன் சொந்த நதிப்படுகையில் இல்லை, 19ஆம் நூற்றாண்டில் யாரோ கொண்டுவந்து விட்ட இடத்தில்! மீனை இடம் மாற்றாதீர்கள் என்று ஓயாமல் சொல்லும் எனக்கு இது கொஞ்சம் சங்கடமான கதைதான். ஆனாலும் மாற்றாதீர்கள். ஒரு வாளியில் உயிர்மீனை அருவிக்கு மேலே தூக்கிப்போவதற்குச் சில நிமிடங்கள் போதும். அதைச் சரிசெய்ய மீன்கொல்லி மருந்து போட்டு மொத்த ஓடையையும் காலிசெய்ய வேண்டியிருக்கும். பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு ரெயின்போ வேண்டுமென்றால், முட்டையிலேயே அழுத்தம் கொடுத்து மலடாக்கிய மும்மடிய (மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட) மீன்களை விட வழி இருக்கிறது, அது நூற்றுக்கு நூறு வெற்றியாகாது என்ற எச்சரிக்கையோடு.

மாதிரி அனுப்ப விரும்பினால், முதலில் உங்கள் பகுதி மீன்வள அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கிடைத்தால், துடுப்பின் ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய துண்டு போதும், மீனைத் தண்ணீரில் விட்டுவிடலாம். எத்தனால் இல்லாவிட்டால் சாதாரணக் காகிதத்தில் மடித்துக் காயவைத்தாலும் சரி. ஒவ்வொரு மீனுக்கும் கத்தரியைத் துடையுங்கள். உறையின்மேல் தேதியையும், அருவிக்கு மேலா கீழா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாமல் வந்த துண்டுகள் ஒரு டப்பா நிறைய என் மேசைக்கடியில் கிடக்கின்றன.