எல்லை தாண்டினாலும் ஏறாத பில்

கோடையில் ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ஸ்பெயின் தீவு மல்லோர்கா. பால்மா விமான நிலையத்தில் இறங்கிய ஒருவர் போனை ஆன் செய்கிறார். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு ஸ்பெயின் நிறுவனத்தின் பெயர் திரையில் வந்துவிடுகிறது. இதுதான் ரோமிங். முன்பின் தெரியாத அந்த நிறுவனம் எந்த நம்பிக்கையில் அவருக்கு சிக்னல் கொடுக்கிறது?

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் உண்டு. நாம் டயல் செய்யும் எண் வேறு, இது வேறு. பெரும்பாலும் 15 இலக்கம். முதல் மூன்றும் நாட்டைச் சொல்லும். ஜெர்மனிக்கு 262, ஸ்பெயினுக்கு 214. 262-ஐப் பார்த்ததும் ஸ்பெயின் நெட்வொர்க் ஜெர்மன் நிறுவனத்திடம் "இவர் உங்கள் ஆள்தானா?" என்று விசாரிக்கிறது. சிம்மின் ரகசியச் சாவி சிம்மிலும் ஜெர்மன் நிறுவனத்திடமும் மட்டுமே இருக்கும். அதை ஜெர்மன் நிறுவனம் யாருக்கும் கொடுக்காது. ஒரு கேள்வியையும் அதற்கான சரியான விடையையும் மட்டும் அனுப்பிவைக்கும். சிம் அதே விடையைச் சொன்னால் கதவு திறக்கும். கையோடு, "நம்மவர் இப்போது இந்த நெட்வொர்க்கில்" என்று ஜெர்மனியில் பதிவும் ஆகிவிடும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு அழைப்பு போய்ச் சேருவது இந்தப் பதிவை வைத்துத்தான். பெர்லினில் இருந்து யாராவது கூப்பிட்டால், அழைப்பு முதலில் ஜெர்மன் நெட்வொர்க்குக்குப் போகும். அது பதிவைப் பார்த்து, ஸ்பெயினிடம் ஒரு தற்காலிக எண்ணை வாங்கி, அங்கே திருப்பிவிடும். கூப்பிட்டவருக்கு இதெல்லாம் தெரியாது; அவர் உள்ளூர்க் கட்டணம்தான் தருவார். ஜெர்மனி முதல் ஸ்பெயின் வரையிலான செலவை எடுப்பவர் தலையில் கட்டினார்கள். வந்த அழைப்புக்கும் காசு பிடித்த கதை இதுதான்.

ஒரே கடற்கரையில் நூறு அடி தள்ளிப் படுத்திருக்கும் இரண்டு ஜெர்மன் நண்பர்கள் பேசிக்கொண்டாலும், அழைப்பு ஜெர்மனி போய்த்தான் திரும்பி வரும். வளைந்து போய்த் திரும்பும் டிராம்போன் வாத்தியத்தின் குழாயை நினைத்து, பொறியாளர்கள் இதற்கு டிராம்போனிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இணையமும் வழக்கமாக இப்படித்தான் வீடு வரை போய் வருகிறது. அதனால்தான் பால்மாவில் இருக்கும் போனைப் பல இணையதளங்கள் ஜெர்மனியில் இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன.

சரி, இவ்வளவு சுற்றினால் செலவு ஆகத்தானே செய்யும்? ஆகும், ஆனால் அன்று வசூலித்த அளவுக்கு இல்லை. விலை ஏறியதற்குக் காரணம் வேறு. சிம் வாங்கும்போது உள்ளூர்க் கட்டணத்தை விசாரிப்போம். வருடத்தில் இரண்டு வாரம் போகும் ஊரின் ரோமிங் கட்டணத்தை யார் விசாரிப்பார்கள்? போட்டி இல்லாத இடத்தில் விலை இறங்காது. ஸ்பெயின் நிறுவனம் ஜெர்மன் நிறுவனத்திடம் கேட்கும் மொத்த விலையும், அதாவது நிறுவனத்துக்கு நிறுவனம் விற்கும் விலையும், அதிகம்தான். ஆனால் ஜெர்மன்காரரின் பில்லைக் குறைக்க ஸ்பெயினின் ஒழுங்குமுறை ஆணையம் ஏன் மெனக்கெட வேண்டும்?

தனி நாடுகளால் முடியாததை ஐரோப்பிய ஒன்றியம் கையில் எடுத்தது. அதை முன்னின்று தள்ளியவர் லக்சம்பர்க்கைச் சேர்ந்த ஆணையர் விவியன் ரெடிங். 2007-இல் முதல் உச்சவரம்பு வந்தது: வரி நீங்கலாக, பேசினால் நிமிடத்துக்கு 49 சென்ட், வந்த அழைப்பை எடுத்தால் 24 சென்ட். அப்புறம் படிப்படியாக இறங்கியது. 2012-இல் ஒரு எம்பி டேட்டாவுக்கு 70 சென்ட் என்பதே சலுகையாகத் தெரிந்தது! 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் வீட்டுக் கட்டணம்தான், அதாவது சொந்த நாட்டில் கட்டும் அதே கட்டணம்.

பயணியின் பில்லில் இருந்து ரோமிங் கட்டணம் போய்விட்டதே தவிர, நிறுவனங்களுக்கு இடையே மீட்டர் இன்னும் ஓடுகிறது. அங்கேதான் நிஜமான சண்டையும் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் குவியும் தென் நாடுகள் மொத்த விலை உயரமாக இருக்க வேண்டும் என்றன. பயணிகளை அனுப்பும் வட நாடுகள் இறக்கச் சொல்லின. ஒரு ஜிபிக்கான மொத்த விலை உச்சவரம்பு 2017-இல் 7.70 யூரோ, 2026-இல் 1.10 யூரோ. இந்த இறக்கம் இல்லாவிட்டால், பயணிகளுக்கு இலவசமாகக் கொடுத்ததை உள்ளூர்க்காரர்களிடம் பிடுங்கியிருப்பார்கள். டேட்டாவைத் தண்ணீராகக் கொட்டும் பின்லாந்தில் நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாமல், கூடுதல் கட்டணத்துக்கு விதிவிலக்கு வாங்கினார்கள்.

மலிவான நாட்டில் சிம் வாங்கி, விலை கூடிய நாட்டில் வருடம் முழுக்க ஓட்டும் தந்திரம் யாருக்குத்தான் தோன்றாது? அதற்கும் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். நான்கு மாதக் கணக்கில் நீங்கள் இருந்ததும் பயன்படுத்தியதும் வெளிநாட்டில்தான் அதிகம் என்று தெரிந்தால், நிறுவனம் விளக்கம் கேட்கலாம். பதில் சொல்ல 14 நாள். அதற்கு மேல் சிறு கட்டணம் போடலாம்.

ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனுக்கும் வீட்டுக் கட்டண விதி உண்டு. சுவிட்சர்லாந்துக்கு இல்லை. சுவிஸ் எல்லையை ஒட்டிய ஜெர்மன் ஊர் கான்ஸ்டன்ஸில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே போன் சுவிஸ் கோபுரத்தில் தொற்றிக்கொண்டு பில் ஏறிவிடலாம். பிரிட்டன் வெளியேறிய பிறகு அங்குள்ள சில நிறுவனங்கள் ஐரோப்பிய ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன.

மல்லோர்காவுக்கே பார்சிலோனாவில் இருந்து கப்பலில் வருபவர்கள் நடுக்கடலில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கரை சிக்னல் போனதும், கப்பலின் சொந்த செயற்கைக்கோள் நெட்வொர்க்கை போன் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு வீட்டுக் கட்டண விதி பொருந்தாது. துறைமுகம் கண்ணை விட்டு மறைவதற்குள் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள்.