பிளந்து திறந்த குவிமாடம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1946-ஆம் ஆண்டு கோடையில் ‘சிவிக் லைட் ஆப்பரா’ என்ற இசை நாடகக் குழு தன் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானமே அதற்கு அரங்கம். கோடை இரவில் வானத்தின் கீழ் அமர்ந்து பாட்டும் நடிப்பும் ரசிப்பது சுகம்தான். ஆனால் அந்த ஊரில் கோடை என்றால் மழையும் உண்டு. மழை வந்தால் நாடகம் நின்றது, காற்று வீசினால் பாடகரின் குரல் பார்வையாளரை எட்டவில்லை. திறந்தவெளியின் இன்பமும் வேண்டும், மழைக்கு ஒதுங்கக் கூரையும் வேண்டும் என்ற ஆசை எழுந்தது. இந்த ஆசையைத் தூக்கிப் பிடித்தவர் எட்கர் காஃப்மன். நகரின் பெரிய பல்பொருள் அங்காடியின் உரிமையாளர். கட்டடக் கலையில் தீராத ஆர்வம் கொண்டவர். அருவியின் மேல் நிற்கும் புகழ்பெற்ற ‘ஃபாலிங்வாட்டர்’ வீட்டைக் கட்டச் செய்தவரும் அவர்தான். திறந்து மூடும் கூரையுள்ள அரங்கத்துக்காக அவர் ஒரு மில்லியன் டாலர் தர முன்வந்தார். அது கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே, 1955-இல், இறந்துபோனார்.

1961 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்த அரங்கம்தான் பிட்ஸ்பர்க் சிவிக் அரங்கம். செலவு சுமார் 22 மில்லியன் டாலர். பெரிய விளையாட்டு அரங்கம் ஒன்றுக்குத் திறந்து மூடும் கூரை அமைந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. வடிவமைத்தவர்கள் மிட்செல் அண்ட் ரிச்சி என்ற உள்ளூர்க் கட்டடக் கலை நிறுவனத்தார். கட்டமைப்புப் பொறியியலைக் கவனித்தது பெரும் பாலங்களுக்குப் பெயர்பெற்ற அம்மன் அண்ட் விட்னி நிறுவனம். பாலம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கூரையில் என்ன வேலை என்பதைப் புரிந்துகொண்டால் இந்த அரங்கத்தின் பாதி அறிவியல் புரிந்துவிடும்.

குவிமாடம் என்பது மனிதன் கண்ட மிகச் சிக்கனமான கூரை வடிவங்களில் ஒன்று. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் பெரும் பரப்பை அது மூடுகிறது. எப்படி? உச்சியில் இருக்கும் எடை, வளைந்த பரப்பின் வழியே கீழ்நோக்கி இறங்குகிறது. மேல்பகுதியின் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை அழுத்துகிறது. அந்த அழுத்தமே அவற்றை விழாமல் பிடித்துக்கொள்கிறது. அடிப்பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே மாடம் வெளிப்புறமாக விரிந்து பிளக்கப் பார்க்கும். அதைத் தடுக்க ஓர் இழுவை வளையம் வேண்டும். ஆக, குவிமாடத்தின் வலிமை முழுவதும் அதன் வட்டம் அறுபடாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அந்த வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைச் சுற்றி நகர்த்தினால்? அதன் பிறகு அது பொறியியல் பொருளில் குவிமாடமே அல்ல. ஒரு துண்டு தன் பக்கத்துத் துண்டின் மீது சாய்ந்து நிற்க முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கத்துத் துண்டு அடுத்த நிமிடம் அங்கே இருக்கப் போவதில்லை. பிட்ஸ்பர்க் பொறியாளர்களின் முன் இருந்த உண்மையான சிக்கல் இதுதான். பார்ப்பதற்குக் குவிமாடம், ஆனால் குவிமாடத்தின் பலம் எதுவும் இல்லாத ஒரு பொருளை அவர்கள் நிற்க வைத்தாக வேண்டும்.

கூரையை எட்டு இதழ்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 300 டன். இரண்டு இதழ்கள் அசையாதவை, மற்ற ஆறும் நகர்பவை. கூரை மூடியிருக்கும்போது எட்டும் சேர்ந்து முழு வட்டம். திறக்கும்போது பக்கத்துக்கு மூன்றாக நகர்ந்து, அசையாத இரண்டு இதழ்களுக்கும் கீழே போய் ஒடுங்கிக்கொள்ளும். கூரையின் முக்கால் பாகம் மறைந்து வானம் தெரியும். ஒன்றின் கீழ் ஒன்று நுழைய வேண்டுமென்றால் எல்லா இதழ்களுக்கும் ஒரே ஆரம் இருக்க முடியாது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுச் சிறிய கோளத்திலிருந்து வெட்டியது போல இருக்க வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரே மாடமாகத் தெரிந்தாலும், அருகில் போனால் இதழுக்கு இதழ் படி விழுந்திருக்கும்.

ஒவ்வொரு இதழின் அடிமுனையிலும் சக்கரங்கள். கான்கிரீட்டால் ஆன பெரிய வளையத்தின் மேல் பதித்த தண்டவாளத்தில் அவை ஓடின. அடிமுனையைத் தாங்குவதில் பெரிய புதிர் இல்லை. மேல்முனையை எதில் மாட்டுவது? உள்ளே தூண் வைத்தால் ஆட்டமும் நாடகமும் மறையும். தூண் இல்லாவிட்டால் உச்சிக்குப் பிடிமானம் கிடையாது.

பாலம் கட்டுகிறவர்களின் அறிவு இங்கேதான் உதவியது. மாடத்துக்கு வெளியே தரையில் காலூன்றி, வளைந்து மேலெழுந்து, நடு உச்சிவரை நீளும் 260 அடி எஃகுக் கை ஒன்றை அவர்கள் அமைத்தார்கள். எல்லா இதழ்களின் மேல்முனைகளும் அந்தக் கையின் நுனியில் வந்து சேர்ந்தன, நகரும் இதழ்கள் அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பின. ஒரு முனை மட்டும் ஊன்றியிருக்க, மறுமுனை அந்தரத்தில் பாரம் தாங்கும் இந்த அமைப்பைப் பொறியாளர்கள் கான்டிலீவர் என்பார்கள். நம் ஊர்க் கொத்தனார் எவருக்கும் இது தெரியும்: பால்கனி போடும்போது கம்பியைத் தளத்தின் மேல்பக்கமாக வைக்கச் சொல்வார். பாரம் நுனியைக் கீழே இழுக்கும்போது மேல்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நசுங்குகிறது. பிட்ஸ்பர்க் கையிலும் அதே விசைகள்தான், அளவு மட்டும் பிரம்மாண்டம். நுனியில் இருக்கும் பாரத்தோடு கையின் நீளத்தையும் பெருக்கினால் வருவதுதான் அடியில் விழும் திருப்புவிசை. எனவே அடியில் கை அகன்று பருத்தும், நுனியில் ஒடுங்கியும் இருந்தது. அந்த வடிவம் அழகுக்காக வந்ததல்ல, கணக்கிலிருந்து வந்தது. அது அழகாகவும் இருந்தது என்பதில்தான் எனக்கு இந்தக் கட்டடத்தின் மீது இவ்வளவு பிரியம்.

300 டன் இதழை நகர்த்த எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்று தோன்றும். நாம் நினைக்கிற அளவுக்கு வேண்டாம். இதழ் செங்குத்தான அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அதனால் அதன் எடைமையம் ஒரு சென்டிமீட்டர்கூட மேலே ஏறுவதில்லை, கீழே இறங்குவதும் இல்லை. புவியீர்ப்பை எதிர்த்துச் செய்ய வேண்டிய வேலை பூஜ்யம். மிஞ்சுவது சக்கர உராய்வும், காற்றின் எதிர்ப்பும், நின்றிருப்பதைக் கிளப்பும் முயற்சியும்தான். எஃகுத் தண்டவாளத்தில் உருளும் எஃகுச் சக்கரத்தின் உராய்வு, சுமையில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். ரயில் இவ்வளவு பாரத்தை இழுப்பதும் இதே காரணத்தால்தான். மின்மோட்டார்களைக் கொண்டு முழுக் கூரையையும் இரண்டரை நிமிடத்தில் திறந்துவிட்டார்கள். அதிக தூரம் போகும் இதழ் 135 பாகை சுற்ற வேண்டும். மாடத்தின் விட்டம் 126 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், எனவே அதன் அடிமுனை ஏறத்தாழ 150 மீட்டர் பயணம் செய்கிறது. கணக்குப் போட்டால் வினாடிக்கு ஒரு மீட்டர், மனிதனின் நிதான நடை. அவ்வளவு பெரிய உலோகப் பரப்பு நம்மோடு நடந்து விலகுவதைக் கண்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1962 ஜூலை 4 அன்று நடிகை கேரல் பர்னெட் மேடையில் இருக்கும்போது கூரை திறந்தது, அவர் வானத்தையே பார்வையாளர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

கூரைக்குச் சென்ற எஃகு 2,950 டன். மேல்தகடு துருப்பிடிக்காத எஃகு, சுமார் 1,70,000 சதுர அடி. எஃகு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற பிட்ஸ்பர்க்குக்கு அது பெருமைக்குரிய தேர்வு, அறிவியல் காரணமும் உண்டு. நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சாதாரண எஃகை அரித்துவிடும். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்த பிறகும் பிட்ஸ்பர்க் காற்று அன்று தூய்மையானதல்ல. துருப்பிடிக்காத எஃகில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாகிறது. கீறல் விழுந்தால் படலம் தானாகவே மறுபடி உருவாகும். வண்ணம் பூச ஆள் எளிதில் ஏற முடியாத மாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான தோல் கிடையாது.

ஆனால் உலோகம் வெயிலில் விரியும். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 40 பாகை செல்சியஸ் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 126 மீட்டர் எஃகு சுமார் ஆறு சென்டிமீட்டர் நீளும். இதழ்களுக்கு நடுவே அந்த அசைவுக்கு இடம் விட வேண்டும், அதே இடைவெளியில் மழைநீர் புகாமலும் அடைக்க வேண்டும். அசையும் கூரைகள் எல்லாவற்றிலும் மிகவும் தொல்லை தரும் இடம் இந்த இணைப்புகள்தான்.

இவ்வளவும் எதற்காகக் கட்டப்பட்டதோ, அந்த இசை நாடகத்துக்கே அரங்கம் பொருந்தவில்லை. குழிந்த பரப்பு ஒலியைச் சிதறவிடாது, குவித்துத் திருப்பி அனுப்பும். மாடத்தின் உயரம் சுமார் 33 மீட்டர். மேடையிலிருந்து எழும் குரல் உச்சியில் மோதித் திரும்பி வர ஏறத்தாழ 0.19 வினாடி ஆகும். நேரே வந்த ஒலியும் எதிரொலியும் 0.05 வினாடிக்குள் சேர்ந்துவிட்டால் நம் காது இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக்கொள்ளும். 0.1 வினாடியைத் தாண்டினால் எதிரொலி தனியாகக் கேட்கும், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். கூரையைத் திறந்தால் குரல் வானத்துக்குப் போய்விடும், மூடினால் திரும்பி வந்து மோதும். நாடகக் குழு கடைசியில் 1971-இல் திறக்கப்பட்ட ஹைன்ஸ் ஹாலுக்கு இடம் மாறியது. அரங்கம் ஐஸ் ஹாக்கியின் வீடாயிற்று. 1967 முதல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி அங்கே ஆடியது, ரசிகர்கள் அதை ‘இக்லூ’ (பனிக்கட்டியால் கட்டும் குவிந்த வீடு) என்று அழைத்தார்கள். 1964-இல் பீட்டில்ஸ் குழுவும் அங்கே பாடியிருக்கிறது. எதிரொலியை மீறும் அளவுக்குக் கூட்டத்தின் கூச்சல் இருக்கும் நிகழ்ச்சிகளுக்கு அது நல்ல இடம். இருக்கைகள் கூடின, மேலே தொங்கும் பலகைகளும் விளக்குகளும் கூடின. கடைசி ஆண்டுகளில் கூரை மூடியே கிடந்தது.

இதுவரை சொன்னது கூரையின் கதை. அந்த வட்டத்தின் கீழே என்ன இருந்தது என்று சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது. நகர மையத்துக்குக் கிழக்கே ஏறும் மேட்டில் ‘லோயர் ஹில்’ என்ற குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள், கூடவே இத்தாலியர், யூதர், சிரியர் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்த பகுதி. வைலி அவென்யூவில் ஜாஸ் இசைக் கூடங்கள் இரவெல்லாம் விழித்திருந்தன. அமெரிக்காவின் 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், ‘சீர்கெட்ட’ பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களை நகராட்சிகள் வாங்கி இடிப்பதற்கான நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசின் பணத்தில் ஈடுகட்டியது. பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதைவிட, மொத்தமாக இடிப்பது நகராட்சிக்கு லாபமான கணக்காகிவிட்டது. 1956-இல் இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர் நிலம், சுமார் 8,000 மக்கள், 400-க்கும் அதிகமான கடைகளும் தொழில்களும். கறுப்பின மெதடிஸ்ட் கிறித்தவர்களின் பெத்தேல் ஏ.எம்.இ. தேவாலயத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தெருக்களின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை இன்று நாம் காண முடிவது பெரும்பாலும் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸால்தான். ஏறத்தாழ 80,000 படங்களை அவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

அரங்கத்தைச் சுற்றிக் கலை மையம், இசைக் கூடம், குடியிருப்புகள் என்று வரைபடத்தில் பெரிய திட்டம் இருந்தது. கட்டப்பட்டது மிகக் குறைவு, மீதி நிலம் கார் நிறுத்தும் இடமானது. நகர மையத்துக்கும் மேட்டுக்கும் நடுவே பள்ளம் தோண்டி ஓர் அதிவேகச் சாலையும் போட்டார்கள். இடிப்பு மேலும் மேலேறி வந்தபோது, கிராஃபர்ட் தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் முனையில் மக்கள் ஒரு பலகை நட்டார்கள்: இதற்கு மேல் இடிக்க விடமாட்டோம் என்பது அதன் செய்தி. இடிப்பு அந்த முனையோடு நின்றது.

ஒரே நகரம், ஒரே பத்தாண்டு. 300 டன் இதழின் உராய்வை எண்ணிக் கணக்கிட்ட அறிவு, 8,000 பேர் எங்கே போய் வாழ்வார்கள் என்ற கணக்கை அதே கவனத்தோடு போடவில்லை. அந்தப் பொறியாளர்களின் திறமையை நான் முழு மனதோடு மதிக்கிறேன். அதனால்தான் இந்தப் பிழை எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது.

2010-இல் பெங்குவின்ஸ் அணி எதிரே கட்டிய புதிய அரங்கத்துக்குப் போனது. பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்று கட்டடக்கலை ஆர்வலர்கள் போராடினார்கள், பயனில்லை. 2011-இல் தொடங்கி 2012-இல் இதழ் இதழாகப் பிரித்து இடித்து முடித்தார்கள். 2021-இல் அந்த அதிவேகச் சாலையின் மேல் தளம் போட்டு சுமார் மூன்று ஏக்கரில் ஒரு பூங்கா அமைத்திருக்கிறார்கள். ஹில் பகுதிக்காக உழைத்த ஃபிராங்கி பேஸ் என்ற பெண்மணியின் பெயர் அதற்கு. மேட்டிலிருந்து நகர மையத்துக்கு இப்போது அதன் வழியே நடந்து இறங்கலாம். 2023-இல், இடிக்கப்பட்ட தேவாலயத்துக்கு ஈடாக அதன் பழைய இடத்தருகே ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பெத்தேல் ஏ.எம்.இ. சபைக்குத் திருப்பித் தருவதாக பெங்குவின்ஸ் அணி ஒப்புக்கொண்டது.