மிளகாய் எப்படி ‘மொளகா’ ஆகிறது?

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் பயிற்சியில் இலைக்கு ‘எலை’ என்றும் மிளகாய்க்கு ‘மொளகா’ என்றும் எழுதியிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, வீட்டில் நல்ல தமிழ் பேசுங்கள் என்று நோட்டிலேயே குறிப்பு எழுதி அனுப்பிவிட்டார். நாங்கள் பேசுவது கெட்ட தமிழா, அதைப் பேசிப் பேசியே பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறோமா என்பது அவர் கேள்வி.

இல்லைங்க. உங்கள் மகள் எழுதியது எழுத்துத் தமிழ்ப்படி பிழை, திருத்தத்தான் வேண்டும். ஆனால் அவள் வாயில் வருவது கெட்டுப்போன தமிழ் அல்ல. அதற்குள் ஒலி விதிகள் இருக்கின்றன, அவள் அவற்றை ஒரு இடத்தில்கூடத் தவறவிடவில்லை. அந்த விதிகளைக் கண்டுகொண்ட நாளிலிருந்து பஸ்ஸில் யார் பேசினாலும் என் காது அதிலேயே நிற்கிறது.

அடிப்படையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரே சமூகம் எழுதவும் மேடையில் பேசவும் ஒரு வடிவத்தையும், வீட்டிலும் கடையிலும் பேச இன்னொரு வடிவத்தையும் வைத்துக்கொள்வதை இரட்டை வழக்கு என்பார்கள். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் வைத்து இதை விளக்கினார். தமிழும் அப்படித்தான். நம்மவர்களுக்கு இது புதுச் செய்தியும் இல்லை, தொல்காப்பியப் பாயிரமே ‘வழக்கும் செய்யுளும்’ என்று இரண்டையும் சேர்த்து அடிப்படையாக வைத்துத்தான் தொடங்குகிறது. வழக்கு என்றால் மக்கள் பேசுவது. சரி, இப்போது மிளகாய்க்கு வருவோம்.

இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இலை எல ஆகிறது, விலை வெல, நிலம் நெலம், சிவப்பு செவப்பு, கிழங்கு கெழங்கு. காசிமேட்டில் இறால் எறா. அதேபோல குடை கொட, முகம் மொகம், உடம்பு ஒடம்பு, புடவை பொடவ. முதல் எழுத்தில் இருக்கும் இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. சோம்பேறித்தனமாகப் பேசுவதால் இப்படி ஆகிறது என்றால் புலி ஏன் ‘பொலி’ ஆகவில்லை? கிளி ஏன் ‘கெளி’ ஆகவில்லை? முடி, குருவி, இரும்பு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

விடை அடுத்த எழுத்தில் இருக்கிறது. ‘இ’, ‘உ’ இரண்டுக்கும் நாக்கு வாயின் மேற்பகுதியில் இருக்கும். ‘அ’வுக்கு நாக்கு கீழே இறங்கவேண்டும். இ-லை, கு-டை, நி-லம் இவற்றில் முதல் உயிரைச் சொல்லும்போதே மூளை அடுத்து வரப்போகும் அகரத்தையும் ஐகாரத்தையும் எதிர்பார்த்துவிடுகிறது, நாக்கு முன்கூட்டியே பாதி தூரம் இறங்கிவிடுகிறது. அந்தப் பாதி இறக்கம்தான் எகரமும் ஒகரமும். புலியிலும் கிளியிலும் அடுத்ததும் மேல் உயிரே, இறங்க வேலையில்லை. இதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: நடுவில் ஒரே ஒரு மெய்தான் இருக்கவேண்டும். ‘முட்டை’, ‘கிண்ணம்’ என்று மெய் இரட்டித்தால் விதி வேலை செய்யாது. முட்ட, குப்ப, கிண்ணம் என்றுதான் சொல்கிறோம், ‘மொட்ட’, ‘கொப்ப’, ‘கெண்ணம்’ என்று எவரும் சொல்வதில்லை. இந்த நிபந்தனையை எந்தப் பாட்டியும் எந்தப் பேத்திக்கும் சொல்லித்தந்ததில்லை, ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் இரண்டாவது விதி. பிடி என்பது புடி, பிடுங்கு புடுங்கு, பெட்டி பொட்டி, பெண் பொண்ணு. இங்கே இகரம் உகரமாகிறது, எகரம் ஒகரமாகிறது, அதாவது உதடு குவிகிறது. இதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். முன்னால் ப, ம, வ போல உதட்டில் பிறக்கும் மெய், பின்னால் ட, ண, ள, ழ போல நாக்கைச் சுருட்டிச் சொல்லும் மெய். உதடு ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் ஒலியியலில் இருக்கிறது: நாக்கை மேலே சுருட்டினாலும் உதட்டைக் குவித்தாலும் குரலின் மேல் அதிர்வெண்களில் சில தாழ்கின்றன. முன்னும் பின்னும் தாழ்வு வரும்போது நடுவில் மாட்டிக்கொண்ட இகரம் காதுக்கு உகரம் போலவே கேட்க ஆரம்பிக்கிறது, கேட்டதைத்தான் அடுத்த தலைமுறை சொல்கிறது. எல்லாச் சொல்லிலும் இது நடப்பதில்லை, ஆள் ஆளுக்கும் ஊர் ஊருக்கும் மாறும். ஆனால் சுருளும் மெய் இல்லாத ‘விலை’ எந்த ஊரிலும் ‘வொல’ ஆவதில்லை, ‘மின்னல்’ ‘முன்னல்’ ஆவதில்லை.

இப்போது மிளகாயை எடுங்கள். முதல் எழுத்தில் இகரம், அடுத்த எழுத்து ‘ள’, அதில் அகரம், நடுவில் ஒரே மெய். முதல் விதி வேலை செய்து ‘மெளகா’ ஆகிறது, பல வீடுகளில் இதோடு நின்றும்விடும். மகரம் உதட்டெழுத்து, ளகரம் நாக்கைச் சுருட்டுவது, ஆகவே இரண்டாம் விதியும் உள்ளே வர, ‘மொளகா’. கடைசி யகரமும் உதிர்ந்துவிடுகிறது. பிழைப்பு ‘பொழப்பு’ ஆவதும் இதே இரண்டு படிகளில்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இதையெல்லாம் நொடியில் செய்து முடித்து எழுதி வைத்திருக்கிறாள், நாம் அதைச் சுழிக்கிறோம்.

என்னை மிகவும் ஈர்ப்பது இதற்கும் அடுத்த விஷயம். ‘இதயம்’ என்ற சொல்லில் முதல் விதிக்கான எல்லா நிபந்தனையும் இருக்கிறது. ஆனால் ‘எதயம்’ என்று பேசுகிறவர்களைக் காண்பது அரிது. ‘விமானம்’ ‘வெமானம்’ ஆவதில்லை, ‘சிகரம்’ ‘செகரம்’ ஆவதில்லை. வீட்டில் புழங்கி வாய்க்கு வந்த சொற்கள் விதிக்குள் போகின்றன. பள்ளிக்கூடம், செய்தித்தாள், ரேடியோ வழியாக வந்த சொற்கள் எழுத்துருவத்திலேயே நிற்கின்றன. ஒரு சொல் நம் வாழ்க்கைக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்பதை அதன் முதல் உயிரெழுத்தே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மொழி சமூகத்தைப் பிரதிபலிக்கிறது என்று மேடையில் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு இவ்வளவு துல்லியமான சான்று நம் வாயிலேயே இருக்கிறது.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு உண்மையான கஷ்டமும் இருக்கிறது, ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது அதைத்தான். குடையும் ‘கொட’, கொடையும் ‘கொட’. துடைப்பதும் ‘தொட’, காலில் இருக்கும் தொடையும் ‘தொட’. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் காதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, மனப்பாடம் ஒன்றுதான் கதி. தமிழ் சொல்வதை அப்படியே எழுதும் மொழி என்று பெருமையாகச் சொல்கிறோம். அது எழுத்துத் தமிழைப் படிக்கும்போதுதான் உண்மை, பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அல்ல.

‘எடம்’, ‘வெல’ என்பதை யாரும் கேலி செய்வதில்லை. பேராசிரியரும் மருத்துவரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அப்படிப் பேசுவது அவர்களுக்கே தெரியாது. ஆனால் ‘வாயப்பயம்’ என்று சொன்னால் உடனே சிரிப்பு. இரண்டுமே ஒலி மாற்றம்தான். ழகரத்துக்கு நாக்கு சுருண்டு மேலே போகவேண்டும், ஆனால் எதையும் அழுத்தித் தொடக்கூடாது. உலக மொழிகளில் அரிதான ஒலி. தொட்டுவிட்டால் ளகரம், மதுரைப் பக்கத்து ‘வாளப்பளம்’. சுருளாமல் முன்னால் வந்தால் யகரம், சென்னை ‘வாயப்பயம்’. பழைய கன்னடத்திலும் ழகரம் இருந்தது, பிறகு ளகரத்தோடு கலந்துவிட்டது. அதனால்தான் நம் வாழை அங்கே ‘பாளெ’, நம் கோழி அங்கே ‘கோளி’. பெங்களூரில் ஒருவர் ‘பாளெ’ என்றால் அது கன்னடம், நம் ஊரில் ஒருவர் ‘வாளை’ என்றால் நாக்கு தடித்தவர். நாக்கு தடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேச்சு தெளிவாக வரட்டும் என்று கைக்குழந்தை நாக்கில் வசம்பு தேய்ப்பதை இன்னும் பார்க்கிறேன். குழந்தைகள் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளை யாரோடு பேசி வளர்கிறதோ அவர்களுடைய ழகரம்தான் அதற்கும் வரும்.

அப்படியானால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனை 1960இல் வெளியானது. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களை ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, வேறு வேறு ஆட்கள் என்பதுபோலப் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் ஆங்கிலக் குரலை அதிக அறிவாளி, அதிக உயரம், அதிக அழகு என்றார்கள். பிரெஞ்சு பேசுகிறவர்களே தங்கள் மொழிக் குரலைக் குறைத்து மதிப்பிட்டார்கள். ஆள் ஒன்றே, குரல் ஒன்றே! 1962இல் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் மூன்று பெரிய கடைகளில் ஏறி இறங்கி, நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளைக் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற பதிலில் ரகரம் ஒலிக்கிறதா என்று குறித்துக்கொள்வதுதான் வேலை. பணக்காரர்கள் போகும் கடையில் 62 சதவீதம் பேரிடம் ரகரம் முழுதாகவோ ஓரளவோ கேட்டது, நடுத்தரக் கடையில் 51, மலிவு விலைக் கடையில் 20. ஒலிக்கு உயர்வு தாழ்வு கிடையாது. அதைச் சொல்பவர்கள் எந்த மாடியில் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்து நாம் ஒட்டுவது அது.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்ததில் ஊடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1938 ஜூன் 16இல் மதராஸ் வானொலி நிலையம் தொடங்கியது முதல் செய்தி எழுத்துத் தமிழில், நாடகம் பேச்சுத் தமிழில் என்று பாகம் பிரிந்துவிட்டது. சினிமா இன்னும் ஒரு படி போய் பேச்சுத் தமிழையே இரண்டாகப் பிரித்தது: நாயகனுக்கு ஊர் பேர் தெரியாத பொதுப்பேச்சு, மெட்ராஸ் பாஷை சந்திரபாபுவுக்கும் லூஸ் மோகனுக்கும். இருவரும் அபாரமான கலைஞர்கள், அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ரிக்‌ஷாக்காரரும் ரவுடியும் மட்டுமே ஒரு மொழியைப் பேசும்படி பல வருஷம் காட்டினால் புளியந்தோப்புப் பையன் இன்டர்வியூவில் வாய் திறக்கத் தயங்குவான். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக வடசென்னைத் தமிழ் பேசும் நாயகர்கள் வருகிறார்கள், நல்ல மாற்றம்.

செய்தியில் மட்டும் மாறவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்த மாதிரி ஒரு நேரத்தில் வியாசர்பாடி அம்மா ஒருவர் ‘வூட்டாண்ட தண்ணி வந்துடுச்சு’ என்று சொன்னால், அச்சில் ‘எங்கள் வீட்டருகே தண்ணீர் புகுந்துவிட்டது’ என்றுதான் வரும். படிப்பவருக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு அதிகாரி தமிழில் பாதி ஆங்கிலம் கலந்து பேசினால் அந்த ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் அப்படியே அச்சேறுகின்றன. எந்தக் கலப்பு அச்சில் நிற்கலாம், எதை மாற்றி எழுதவேண்டும் என்பதில் யார் பேச்சுக்கு மதிப்பு என்பது தெரிந்துவிடுகிறது.

பள்ளிக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் வழக்குப் போட்டு, 1979இல் நீதிமன்றம் பிள்ளைகளின் வீட்டு மொழியைப் பற்றி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க உத்தரவிட்டது. வீட்டு மொழியைப் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. அதை அறிந்துகொண்டால்தான் வாசிக்கக் கற்றுத்தர முடியும் என்பதே தீர்ப்பின் சாரம். நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்த இரண்டு ஒலி விதிகளை அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பலகையில் இரண்டு கட்டம், ஒன்றில் ‘எல, வெல, நெலம்’, எதிரே ‘இலை, விலை, நிலம்’. பிள்ளைகளே பத்துச் சொல் சேர்த்துவிடுவார்கள், புலி ஏன் வரவில்லை என்றும் அவர்களே கேட்பார்கள். வாசகிக்கும் இதையே சொல்கிறேன்: பேச்சை மாற்றாதீர்கள், இரவில் ஒரு பக்கம் கதை வாசித்துக் காட்டுங்கள், அது போதும்.

கடைசியாக, இந்தப் பேச்சுத் தமிழைப் பதிவுசெய்யத் தேவைப்படும் பணம் பற்றி. 1894 முதல் 1928 வரை ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பு மதராஸ் மாகாணத்துக்குள் வரவே இல்லை. தமிழ் எவ்வளவு பழையது என்று நிறுவும் ஆராய்ச்சிக்கு இங்கே ஆர்வமும் ஆதரவும் நிறைய, எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். அந்த ஆர்வத்தில் ஒரு பங்கு காசிமேட்டு ஏலக் குரலுக்கும், சௌகார்பேட்டைக் கடைத் தமிழுக்கும், பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டவர்களின் பேச்சுக்கும் வேண்டும். ஆசிரியர் பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் தன் பாட்டியிடம் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிவுசெய்து, பொதுவில் வைக்கட்டும். கருவி ஏற்கெனவே எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது, தேவைப்படுவது அதைக் கேட்டு எழுதிவைக்கும் ஆட்களுக்கான சம்பளம்.